கஷாயமும் கிரியாட்டினினும்

முதிர்வுக்கு முன்பே வைப்புத்தொகையை முடித்துக்கொள்ள வரும் வாடிக்கையாளரிடம் நாங்கள் காரணத்தைத் துருவிக் கேட்பதில்லை. ஆயினும் பெரும்பாலோர் தாமே சொல்லிவிடுவர். மகளின் திருமணம், மகனின் கல்லூரிக் கட்டணம், வீட்டின் மேல்தளம் ஆகியவை பழைய காரணங்கள். அண்மை ஆண்டுகளில் அவற்றுக்கு நிகராக எம் செவியில் விழும் சொல் டயாலிசிஸ்.

அவ்வாறு வந்த ஓய்வூதியர் ஒருவர் கூறிய செய்தியே இக்கட்டுரைக்குத் தூண்டுகோல். பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரையும், பின்னர் இன்சுலினும் எடுத்து வந்தவர் அவர். நண்பர் ஒருவர் சொல்லக் கேட்டுக் கஷாயம் ஒன்றைக் குடிக்கத் தொடங்கினார். சில மாதங்களில் இன்சுலின் அளவைப் பாதியாகக் குறைக்கவேண்டி வந்தது. பிறகு அறவே நிறுத்தியும் சர்க்கரை அவ்வளவாக ஏறவில்லை. நோய் தீர்ந்தது என்று மகிழ்ந்து, வழக்கமான சோதனைகளையும் கைவிட்டார். கால்கள் வீங்கியபின் எடுத்த இரத்தச் சோதனையில், இரு சிறுநீரகங்களும் ஏறக்குறைய முற்றிலும் செயலிழந்துவிட்டது தெரிந்தது.

குடும்பத்தார் கஷாயத்தைப் பழித்தனர். நண்பரோ, கஷாயம் சர்க்கரையைக் குறைத்ததே என்று வாதிட்டார். இருவரும் ஒன்றை அறியவில்லை. உடலில் சேரும் இன்சுலினைச் சிதைத்து வெளியேற்றும் பணியில் சிறுநீரகத்துக்குப் பெரும் பங்குண்டு. சிறுநீரகம் தளரும்போது இன்சுலின் இரத்தத்தில் நெடுநேரம் தங்குகிறது. எனவே முன்பு தேவைப்பட்ட அளவு தேவைப்படாமல் போகிறது. நீண்டகாலச் சர்க்கரை நோயாளிக்குக் காரணமின்றி இன்சுலின் தேவை குறைவது, நோய் தீர்வதன் அறிகுறியாக அன்றி, சிறுநீரகம் அணைந்து வருவதன் அறிகுறியாகவும் இருக்கலாம். அந்தக் கஷாயம் அவருக்கு நன்மை செய்ததா, தீமை செய்ததா என்பதை இனி யாராலும் சொல்ல இயலாது. குடித்து வந்த காலத்தில் சிறுநீரகத்தை யாரும் அளந்து பார்க்கவில்லை.

நாங்கள் மருத்துவர்கள் அல்லோம், கணக்கேடு படித்தவர்கள். எந்த மருந்தை உண்ணலாம் என்று சொல்லும் தகுதி எமக்கில்லை. ஆனால் ஆயுர்வேதத்தையும் நவீன மருத்துவத்தையும் ஒருசேர நாடும் குடும்பங்கள் நம் நாட்டில் மிகப் பல. அவர்கள் இரண்டிடத்திலும் என்ன கேட்கவேண்டும், எதை மறைக்கலாகாது, பணத்தை எங்கே செலவிட்டால் பயனுண்டு என்பதைத் தொகுத்துச் சொல்வது எம்மால் இயலும்.

பண்டை நூல்கள் சொல்வது

சர்க்கரை நோயை ஆயுர்வேதம் பிரமேகம் என்னும் பெருந்தொகுதிக்குள் வைக்கிறது. கபத்தால் பத்து, பித்தத்தால் ஆறு, வாதத்தால் நான்கு எனப் பிரமேகம் இருபது வகைப்படும். வாதத்தால் வரும் நான்கனுள் ஒன்றே மதுமேகம். சரக சம்ஹிதை இந்நோய்க்குக் கூறும் காரணங்களைப் படிக்கும்போது, மேசையின் பின்னே நாள் முழுதும் அமர்ந்திருக்கும் எம் போன்றோர் சற்றுக் கூசவேண்டியிருக்கிறது: சுகமாக அமர்ந்தே இருத்தல், மிகுதியாக உறங்குதல், தயிரும் பாலும் புதுத் தானியமும் வெல்லப் பண்டங்களும் மிகையாக உண்ணல். சுசுருதர் இந்நோயை இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று பிறவியிலேயே வருவது. மற்றொன்று பொருந்தா உணவாலும் பழக்கத்தாலும் வருவது. முன்னவர் மெலிந்தும் பின்னவர் பருத்தும் இருப்பர் என்றும் குறிப்பிடுகிறார். பொருளற்ற நோயாளிக்கு அவர் விதிக்கும் மருத்துவங்களுள் ஒன்று, நூறு யோசனைத் தொலைவு குடையும் காலணியும் இன்றி நடத்தல். சர்க்கரை நோயாளி பாதத்தைப் பொன்போல் காக்கவேண்டும் என்பதால், காலணி பற்றிய அப்பகுதியை மட்டும் இன்று எவரும் பின்பற்றலாகாது.

சிறுநீரகத்தை வடமொழி விருக்கம் என்கிறது. சிறுநீர் வழிகளின் மூலமாகச் சரகம் சுட்டுவது மூத்திரப்பையை. விருக்கங்களையோ கொழுப்பைக் கொண்டுசெல்லும் வழிகளின் மூலமாகச் சொல்கிறது. பிரமேகத்தில் முதன்மையாகக் கெடும் தாதுக்களுள் கொழுப்பும் ஒன்று. ஆக, இந்நோய்க்கும் விருக்கத்துக்கும் உறவுண்டு என்னும் எண்ணத்துக்கு அந்நூல்களில் இடமிருக்கிறது. எனினும் சர்க்கரையால் விளையும் சிறுநீரகப் பழுது என்று இன்று நாம் அழைக்கும் நோய்க்கு நேரான ஒரு பெயரை அவற்றில் தேடுவது வீண். சிறுநீரில் கசியும் ஆல்புமினை அளக்கும் வழி அக்காலத்தில் இருந்திருக்க முடியாது.

அளவு தெரியாமல் மருந்தில்லை

2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் உள்ளதாக மதிப்பிட்டது. சிறுநீரகச் செயலிழப்புக்கு இங்கே முதற்காரணமாக நிற்பதும் இந்நோயே. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் நுண்வடிகட்டிகள் உண்டு. மிகுந்த சர்க்கரையும் உயர்ந்த இரத்த அழுத்தமும் ஆண்டுக்கணக்கில் அவற்றைத் துளையிடுகின்றன. முதலில் கசிவது ஆல்புமின் என்னும் புரதம். அப்போது வலி இல்லை, வீக்கம் இல்லை, சிறுநீர் குறைவதும் இல்லை.

இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். கிரியாட்டினின் இயல்பாக இருக்கிறது என்று அறிக்கையை மடித்து வைத்துவிடுகின்றனர். சிறுநீரகத்தின் திறன் ஏறக்குறைய பாதி குறைந்த பின்னரே கிரியாட்டினின் இயல்பெல்லையைக் கடந்து உயர்வது வழக்கம். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே காட்டிக்கொடுப்பது சிறுநீரின் ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழ் ஆல்புமின் இருப்பின் இயல்பு. 30 முதல் 300 வரை எச்சரிக்கை. 300-க்கு மேல் கடுமையான கசிவு. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடும் உடற்பயிற்சி ஆகியவற்றால் இவ்வளவு தற்காலிகமாக உயரக்கூடும் என்பதால், சில மாத இடைவெளியில் மீண்டும் சோதித்தே மருத்துவர் உறுதிசெய்வார். இதனுடன், கிரியாட்டினின் அளவைக் கொண்டு கணக்கிடப்படும் வடிகட்டும் வீதத்தையும் பார்க்கவேண்டும். அது மூன்று மாதங்களுக்கு மேல் 60-க்குக் கீழ் நின்றால் நாட்பட்ட சிறுநீரக நோய். 15-க்குக் கீழ் போனால் செயலிழப்பு.

இரண்டாம் வகைச் சர்க்கரை நோயினர் நோய் கண்டறிந்த நாளிலேயே இவ்விரு சோதனைகளையும் செய்துகொண்டு, பின் ஆண்டுதோறும் தொடரவேண்டும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட நெறி. செலவு சில நூறு ரூபாய். ஆயுர்வேத வைத்தியரை நாடுவோர், முதற் சந்திப்புக்கு முன்னரே இவ்விரு எண்களையும் கையில் வைத்திருப்பது நலம். கணக்கைத் தொடங்குமுன் தொடக்க இருப்பு தெரியவேண்டும் அல்லவா?

மூலிகைகள்

சர்க்கரையும் சிறுநீரகமும் சேர்ந்த நிலையில் வைத்தியர்கள் பெரிதும் கையாளும் மூலிகைகள் சிலவே. மஞ்சளும் நெல்லியும் சேர்ந்த நிசா ஆமலகியை, பிரமேகத்துக்குச் சிறந்ததென அஷ்டாங்க ஹ்ருதயம் தனித்துச் சுட்டுகிறது. சீந்தில், சிறுகுறிஞ்சான், வேங்கைப் பட்டை, வெந்தயம் ஆகியவை சர்க்கரைக்கு. புனர்நவம் எனப்படும் மூக்கிரட்டை, கோக்ஷுரம் எனப்படும் நெருஞ்சில், வருணம் எனப்படும் மாவிலங்கம் ஆகியவை சிறுநீர்ப் பாதைக்கும் வீக்கத்துக்கும். சந்திரபிரபா குளிகை, கோக்ஷுராதி குக்குலு போன்ற கூட்டு மருந்துகள் இவற்றினின்றும் பிறவற்றினின்றும் ஆனவை.

இவற்றுள் சில சர்க்கரையை ஓரளவு குறைக்கின்றன என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1980-களிலேயே வெந்தயத்தை ஆராய்ந்தது. ராஜஸ்தானின் பில்வாரா, குஜராத்தின் சுரேந்திரநகர், பீகாரின் கயா ஆகிய மாவட்டங்களில் சர்க்கரை உள்ளிட்ட தொற்றா நோய்களுக்கான அரசுத் திட்டத்தோடு ஆயுர்வேதத்தை இணைத்துச் செயற்படுத்தியும் பார்த்தனர். ஆனால் சர்க்கரையைக் குறைத்தல் வேறு. சிறுநீரகத்தைக் காத்தல் வேறு. பல்லாயிரம் நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து, டயாலிசிஸ் தள்ளிப்போகிறதா என்று எண்ணிப் பார்த்த சோதனைகள் நவீன மருந்துகளுக்கே உள்ளன. இரத்த அழுத்தத்துக்கான சார்ட்டான் வகை மருந்துகளுக்கு அச்சான்று 2001-இல் கிடைத்தது. கிளிஃப்ளோசின் வகை மருந்துகளுக்கு 2019, 2020 ஆண்டுகளில் கிடைத்தது. மூலிகைகளுக்கு இதுவரை நடந்தவை பெரும்பாலும் சிறிய, குறுகிய கால ஆய்வுகள். ஆகையால் மூலிகை பயனற்றது என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. நிரூபணம் உள்ள மருந்தை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் மூலிகையை வைக்கலாகாது. அருகில் வைக்கலாமா என்பதே கேட்கத்தக்க கேள்வி.

இங்கே ஒரு சிக்கலையும் சொல்லவேண்டும். சார்ட்டான், கிளிஃப்ளோசின் வகை மருந்துகளைத் தொடங்கிய முதற் சில வாரங்களில் கிரியாட்டினின் சற்றே உயரக்கூடும். வடிகட்டிகளின் மீதுள்ள மிகை அழுத்தம் தணிவதால் நேரும் மாற்றம் அது. ஓர் எல்லைக்குள் இருக்கும்வரை மருத்துவர்கள் அதை எதிர்பார்த்தே இருப்பர். அறிக்கையைப் பார்த்து அஞ்சும் நோயாளியோ, மாத்திரைதான் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்றெண்ணி அதை விட்டுவிட்டு மூலிகைக்கு மாறுகிறார். கிரியாட்டினின் சற்றே இறங்குகிறது. மூலிகை வென்றதாகப் பேச்சு பரவுகிறது. நெடுங்காலக் காப்போ கைவிட்டுப் போகிறது.

இயற்கையானது என்பதால் தீங்கற்றதன்று

கேரளத்தில் இரும்பன்புளி என்றொரு காய் வீட்டுத் தோட்டங்களில் காய்க்கிறது. அதன் சாற்றை மருந்தாகக் கருதிச் செறிவாகக் குடித்த 10 பேர் திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்புக்கு ஆளானதை, அம்மாநிலத்தின் ஐந்து மருத்துவமனைகளிலிருந்து மருத்துவர்கள் 2013-இல் பதிவுசெய்தனர். எழுவருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. காயிலுள்ள ஆக்சாலிக் அமிலம் சிறுநீரக நுண்குழாய்களில் படிகமாகப் படிந்ததே காரணம். சமையலில் ஓரிரு காய் சேர்ப்பது வேறு; குவளை நிறையக் குடிப்பது வேறு. மஞ்சளிலும் ஆக்சலேட் மிகுதி. குழம்பில் சேரும் மஞ்சளால் கவலையில்லை. நாள்தோறும் கரண்டி கரண்டியாக, மாதக்கணக்கில் உண்பதற்கு முன் சிறுநீரக மருத்துவரைக் கேட்டாகவேண்டும்.

மூக்கிரட்டையில் பொட்டாசியம் செறிந்துள்ளது. நல்ல சிறுநீரகம் மிகைப் பொட்டாசியத்தை வெளியேற்றிவிடும். தளர்ந்த சிறுநீரகத்தால் அது இயலாது. சார்ட்டான் வகை மருந்துகளும் பொட்டாசியத்தைத் தேக்கும் இயல்புடையவை. இரண்டும் சேர்ந்து இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். சிறுநீரகத்துக்கு நல்லது என்று பெயர்பெற்ற மூலிகையே, நோய் முற்றிய சிறுநீரகத்துக்கு ஆகாததாய் மாறும் இடம் இது. இளநீருக்கும், சோடியம் குறைந்தது என்று விற்கப்படும் மாற்று உப்புகளுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். இந்துப்போ பெரும்பகுதி சாதாரண உப்பே. அளவின்றிச் சேர்க்க உரிமம் தருவதன்று.

ஈஸ்வரமூலி, ஆடுதின்னாப்பாளை ஆகியவற்றிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைச் சுருங்கவைப்பதோடு சிறுநீர்ப் பாதையில் புற்றையும் விளைவிப்பது. சிறுநீரக நோயினர் இவற்றை அறவே விலக்கவேண்டும்.

பாதரசம், ஈயம், ஆர்சனிக் ஆகியவை தனிக் கவலை. இணையவழியே விற்கப்பட்ட 193 ஆயுர்வேத மருந்துகளை அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்து 2008-இல் வெளியிட்ட முடிவில், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் இவ்வுலோகங்களுள் ஒன்றேனும் இருந்தது. பாதரசம் கலந்த பாரம்பரிய மருந்துகளுக்கும் சிறுநீர்வழிப் புரத ஒழுக்குக்கும் உள்ள தொடர்பைச் சென்னை ஆய்வாளர்கள் அடங்கிய குழு 2022-இல் எடுத்துக்காட்டியது. மருந்தை நிறுத்தியபின் பலருக்கு ஒழுக்கு தணிந்தது. முறையாகச் சுத்தி செய்த பற்பம் தீங்கு செய்யாது என்று வைத்தியர்கள் கூறுவதுண்டு. தளர்ந்த சிறுநீரகத்தில் அதைச் சோதித்துப் பார்க்கும் துணிவு நமக்கு வேண்டாம் என்பதே எம் கருத்து.

வாங்கும்போது உறையைப் படியுங்கள். உற்பத்தி உரிம எண், தொகுதி எண், காலாவதி நாள் ஆகியவை இல்லாத பொட்டலத்தைத் தொடவேண்டாம். நச்சுப்பொருள் பட்டியலில் அடங்கிய சரக்கு சேர்ந்த மருந்தில், மருத்துவ மேற்பார்வையில் உட்கொள்ளவும் என்ற எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். சர்க்கரையைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. எனவே அத்தகைய விளம்பரமே அப்பொருளை ஒதுக்கப் போதிய காரணம்.

இரு மருத்துவரும் ஒரு குறிப்பேடும்

ஆயுர்வேதம் சர்க்கரை நோயாளிக்கு ஐயமின்றி உதவக்கூடிய இடம், மருந்தைக் காட்டிலும் வாழ்முறையே என்று எமக்குத் தோன்றுகிறது. வாற்கோதுமை, பாசிப்பயறு, பாகல், நேரத்துக்கு உணவு, நாள்தோறும் நடை, உரிய உறக்கம்: இவற்றில் இரு மருத்துவங்களுக்கும் பிணக்கில்லை. உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், புகையிலை அறவே இல்லை, மூட்டு வலிக்குத் தாமே வாங்கும் வலிநிவாரணி இல்லை என்று நவீன மருத்துவம் சேர்ப்பதையும் வைத்தியர் மறுக்கமாட்டார்.

மறைப்பதனால்தான் விபத்து நேர்கிறது. கஷாயம் குடிப்பதைச் சொன்னால் மருத்துவர் கடிந்துகொள்வார் என்று பலர் அங்கே வாய்மூடுகின்றனர். இங்கே வைத்தியரிடமோ, உண்ணும் மாத்திரைகளின் பெயர் தெரியாது என்கின்றனர். சர்க்கரையைக் குறைக்கும் மூலிகையும் கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையும் சேர்ந்தால் சர்க்கரை அபாயமாகத் தாழலாம். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அத்தாழ்வு எளிதில் மீளாது. விரேசனம் முதலிய பஞ்சகர்ம முறைகளில் உடல் நீரிழக்கும். அந்நாள்களில் மெட்ஃபார்மின், கிளிஃப்ளோசின், சார்ட்டான், நீர்பிரி மாத்திரை ஆகியவற்றைத் தொடர்வதா, நிறுத்திவைப்பதா என்பதை மாத்திரை எழுதிய மருத்துவரே முன்கூட்டித் தீர்மானிக்கவேண்டும். மெட்ஃபார்மின் அளவை வடிகட்டும் வீதம் 45-க்குக் கீழ் இறங்கும்போது மறுபரிசீலனை செய்வதும், 30-க்குக் கீழ் நிறுத்துவதும் நெறி.

ஒரு குறிப்பேடு போதும். நாள், ஆல்புமின் விகிதம், கிரியாட்டினின், வடிகட்டும் வீதம், பொட்டாசியம், இரத்த அழுத்தம், தொடங்கிய அல்லது நிறுத்திய ஒவ்வொரு மருந்து, கஷாயம் உட்பட. புதிய மூலிகை தொடங்கினால் எத்தனை வாரத்தில் மறுசோதனை என்று இருவரிடமும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பி.ஏ.எம்.எஸ். பட்டமும் மாநிலப் பதிவும் உள்ள வைத்தியர் இக்கேள்வியை வரவேற்பார். அறிக்கையைப் பார்க்க மறுப்பவரிடமும், மாத்திரை அனைத்தையும் நிறுத்தச் சொல்பவரிடமும் இரண்டாம் முறை செல்லவேண்டியதில்லை.

பணத்தின் பக்கம்

இது எம் துறை. மருத்துவமனையில் தங்கிப் பெறும் ஆயுஷ் சிகிச்சையைப் பிற சிகிச்சைகளுக்கு நிகராகக் கருதவேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் பணித்தது. ஆயினும் வீட்டில் குடிக்கும் கஷாயத்துக்கும் புறநோயாளிச் செலவுக்கும் பல பாலிசிகளில் இடமில்லை. பாலிசியைப் படித்து உறுதிசெய்க. முன்பே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் அதே ஆண்டில் அதிகபட்சம் 36 மாதங்களாகக் குறைக்கப்பட்டது. சர்க்கரை நோயை விண்ணப்பத்தில் மறைத்தால் அந்தச் சலுகையும் கைகொடுக்காது.

பழைய வரிமுறையைத் தேர்ந்தவர்கள், நோய்த்தடுப்புச் சோதனைகளுக்கு 80டி பிரிவின் உச்சவரம்புக்குள் 5,000 ரூபாய் வரை கழிவு பெற்று வந்தனர். நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு 80டிடிபி பிரிவின் நோய்ப்பட்டியலில் இருந்து வந்தது: 40,000 ரூபாய் வரை, மூத்த குடிமக்களுக்கு 1 இலட்சம் வரை. 70 வயது நிறைந்த எவரும், வருமானம் எதுவாயினும், ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் 2024 அக்டோபர் முதல் சேரலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோருக்கு மாவட்ட மருத்துவமனைகளில் கட்டணமின்றி டயாலிசிஸ் அளிக்கும் தேசியத் திட்டம் 2016 முதல் உண்டு. எம்பாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2025 மார்ச்சில் முடிந்தபின் அதன் விலை வெகுவாகச் சரிந்துள்ளது. விலை கருதி முன்பு அதை மறுத்தவர்கள் மருத்துவரிடம் மீண்டும் பேசிப் பார்க்கலாம்.

தொடக்கத்தில் குறிப்பிட்ட ஓய்வூதியர் இப்போது வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்துகொள்கிறார். பொட்டாசியம் காரணமாகக் கஷாயத்தை நிறுத்தும்படி மருத்துவர் சொல்லிவிட்டார். அவருடைய மனைவிக்கும் எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை உண்டு. நிசா ஆமலகிச் சூரணம் உண்டு வருகிறார். சென்ற மாதம் கணக்குப் புத்தகத்தைப் பதிவிட வந்தபோது, அதனுள் மடித்து வைத்திருந்த மனைவியின் அறிக்கையை எடுத்துக் காட்டினார். ஆல்புமின் விகிதம் 42. மூன்று மாதம் கழித்து வரும் மறுசோதனை நாளையும், இரு மருத்துவர்களின் பெயரையும் அதன் ஓரத்தில் பென்சிலால் குறித்திருந்தார்.